சிற்றூர் இசைவிழாவில் கலைஞர்களுக்குச் சன்மானம்: திருவையாற்று முறை எங்களுக்குப் பொருந்துமா?

கேள்வி: விழாக்குழுச் செயலர்

அனைவருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு பேரூராட்சியில் நாங்கள் ஆண்டுதோறும் தை மாதக் கடைசியில் மூன்று நாள் இசைவிழா நடத்திவருகிறோம். விழாக்குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கலைஞர்களுடன் பேசுவதையும் அழைப்பிதழ் அச்சிடுவதையும் பார்த்துக்கொள்கிறார்கள். கடைத்தெரு வணிகர்கள் ரசீதுப் புத்தகத்துடன் தெருத்தெருவாகச் சென்று வசூல் செய்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் பந்தல் வேலையையும் பந்தி பரிமாறுவதையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஊரில் நல்ல தங்கும் விடுதி இல்லாததால் வெளியூர்க் கலைஞர்கள் எங்கள் வீடுகளிலேயே தங்குகிறார்கள். கோயில் மண்டபத்தில் நடக்கும் விழாவுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை.

இதுவரை பாடியவர்கள், வாசித்தவர்கள் எல்லோருக்கும் பயணச் செலவையும், நிறைவில் ஒரு சால்வையையும், தாம்பூலத் தட்டில் வைத்து எங்களால் இயன்ற ஒரு தொகையையும் கொடுத்துவந்தோம். அந்தத் தொகை சிறியது என்பது எங்களுக்குத் தெரியும். வந்த கலைஞர்களுக்கும் தெரியும். இவ்வாண்டு, எங்கள் ஊரைப் பூர்வீகமாகக் கொண்டு வெளிநாட்டில் தொழில் நடத்தும் அன்பர் ஒருவர், சென்னையிலிருந்து மிகவும் புகழ்பெற்ற பாடகர் ஒருவரை அழைத்துவருவதற்கான முழுச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொல்கிறார். அந்த ஒரு கச்சேரிக்கான தொகை எங்கள் விழாவின் மொத்தச் செலவைவிட அதிகம். நிறைவுநாள் மாலை முழுவதையும் அந்தப் பாடகருக்கே ஒதுக்க வேண்டும் என்பதும், மேடையின் பின்னால் தம் நிறுவனத்தின் பெயர்ப்பலகை இருக்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

இதனால் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பெரிய பாடகர் வந்தால் சுற்று வட்டாரத்து இளைஞர்கள் திரண்டு வருவார்கள் என்பது ஒரு சாராரின் வாதம். மற்றொரு சாரார், திருவையாற்றில் தியாகராஜர் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனை விழாவில் யாரும் பணம் வாங்காமல் பாடுவதைச் சுட்டிக்காட்டி, நம் விழாவிலும் இனிமேல் சன்மானமே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால் இத்தகைய சிக்கல் எழாது என்கிறார்கள். திருவையாற்றில் அந்த வழக்கம் எவ்வாறு வேரூன்றியது, எங்களைப் போன்ற சிறிய ஊர் அதைப் பின்பற்ற முடியுமா, ஒரே விழாவில் ஒரு கலைஞருக்கு மட்டும் பெருந்தொகை கொடுப்பது முறைதானா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் குழுக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: தஞ்சை ரசிகர்

செயலர் அவர்களுக்கு வணக்கம். திருவையாற்று வழக்கத்தை நீங்கள் பின்பற்ற நினைப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தபின் முடிவெடுப்பது நல்லது.

அங்கே நடப்பது அடிப்படையில் ஒரு நினைவுநாள். கர்நாடக இசையில் ஏராளமான கீர்த்தனைகளை இயற்றிய தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று, புஷ்ய பகுள பஞ்சமித் திதியில், அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாளில் மறைந்தார். காவிரிக் கரையில் அவருக்குச் சமாதி அமைந்தது. ஆனால் பல ஆண்டுகள் அதைக் கவனிப்பார் இல்லை, சீடர்கள் அவரவர் ஊரில் அவரவர் வீட்டில் திதியை அனுசரித்தார்கள். 1903ஆம் ஆண்டில்தான் அவருடைய சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும், வயது முதிர்ந்த நிலையில், சிதைந்து கிடந்த சமாதியைச் சீர்படுத்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் ஆகிய சகோதரர்களின் முயற்சியில் ஆராதனை பொதுவிழாவாக உருப்பெற்றது. திதிக்கு வந்து குருவின் முன்னால் பாடுபவர் அதற்குக் கூலி கேட்பதில்லை. எனவே அங்கே சன்மானம் இல்லாததற்கு வரவு செலவுக் கணக்கு காரணமே அன்று. இன்றும் பெரிய வித்வான்கள் முதல் முதன்முறையாக மேடையேறும் மாணவர் வரை எல்லோரும் தம் செலவில் வந்து, சிறிது நேரம் மட்டும், தியாகராஜர் கீர்த்தனைகளை மட்டும் பாடிவிட்டு இறங்குகிறார்கள். ஒருவர் பாடும்போதே அடுத்தவர் சுருதி சேர்த்துக்கொள்ள வசதியாக அருகருகே இரண்டு மேடைகள் அமைக்கப்படுகின்றன. இந்த ஏற்பாட்டைப் பார்த்தாலே அங்கு தனிக் கச்சேரிக்கு இடமில்லை என்பது விளங்கும்.

உங்கள் குழு இரண்டாகப் பிரிந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது, அந்த விழாவின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உங்களுக்கு மிகவும் பயன்படும் என்று தோன்றியது. யாரும் பணம் வாங்காத அந்த விழாவிலேயே, தொடங்கிய சில ஆண்டுகளில் பிளவு வந்தது. பெரிய கட்சி என்றும் சின்னக் கட்சி என்றும் இரண்டு அணிகள் உருவாயின. சின்னக் கட்சியினர் ஐந்து நாட்களுக்கு முன்பே தொடங்கி ஆராதனை நாளில் முடிப்பார்கள். பெரிய கட்சியினர் ஆராதனை நாளில் தொடங்கி அடுத்து வரும் நாட்களில் நடத்துவார்கள். இரண்டு கட்சிகளும் ஒன்றில் மட்டும் ஒத்திருந்தன. பெண்கள் அங்கே பாடக் கூடாது என்பதே அது.

அந்தச் சமாதிக்கு இன்று நாம் பார்க்கும் கோயிலைக் கட்டியவர் ஒரு பெண் என்பதை நினைத்துப் பாருங்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசி மரபில் வந்த பாடகி. மேடைகளில் பாடித் தாம் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு 1921இல் அவர் திருப்பணியைத் தொடங்கினார். கோயில் எழும்பிய பிறகும் ஆராதனையில் பாட அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அவர் வழக்காடியும் வாதாடியும் ஓய்ந்துவிடாமல், பெண் கலைஞர்களைத் திரட்டித் தனியே ஒரு விழாவை நடத்தினார்; அது பெண் கட்சி என்று பெயர்பெற்றது. 1940ஆம் ஆண்டை ஒட்டி, அரசு அதிகாரியும் இசையறிஞருமான எஸ். ஒய். கிருஷ்ணசாமி உள்ளிட்டோர் எடுத்த முயற்சியால் எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து கன ராகங்களில் அமைந்த, தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடும் கோஷ்டி கானம் நிலைபெற்றது அதற்குப் பிறகுதான். நாகரத்தினம்மாள் தம் சொத்தை அந்தச் சமாதியின் பூசைக்கே எழுதிவைத்தார். 1952இல் மறைந்த அவருடைய சமாதியும் சிலையும் தியாகராஜர் சமாதியை நோக்கியபடி அங்கேயே அமைந்துள்ளன. திருவையாற்றுக்குச் செல்பவர்கள் பஞ்சரத்தினம் முடிந்ததும் திரும்பிவிடாமல் அவர் முன்பும் சற்று நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிவருகிறேன்.

என் கருத்து இதுதான். சன்மானத்தை நிறுத்துவதால் பூசல் நின்றுவிடாது. யாருக்கு மேடை, எவ்வளவு நேரம், எந்த விதிப்படி என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் விழா நிலைக்கும். ஒருவருக்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் என்றால், தொகை யார் பையிலிருந்து வந்தாலும், அந்த ஒரு விதி உடைகிறது.

மறுமொழி 2: மிருதங்கம் வாசிப்பவர்

மேலே எழுதிய ஐயா வரலாற்றை அருமையாக விளக்கியிருக்கிறார். பக்கவாத்தியக்காரனாகிய என் தரப்பையும் குழுவினர் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

திருவையாற்றில் சன்மானம் இன்றி வாசிப்பதை நாங்கள் பாக்கியமாகக் கருதுகிறோம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஆண்டு முழுவதும் ஊர் ஊராக எங்களை இலவசமாக வாசிக்க அழைப்பது வேறு. முதன்மைப் பாடகருக்கு வேறொரு பணியோ, வசதியான குடும்பப் பின்னணியோ இருக்கலாம். மாவட்டங்களில் வயலினும் மிருதங்கமும் கடமும் வாசிப்பவர்களில் பலருக்கு அதுவும் சில மாணவர்களுக்குக் கற்பிப்பதும்தான் வருமானம். தை மாதத்தில் கோயில் நிகழ்ச்சிகளும் திருமணங்களும் உண்டு. மூன்று நாள் உங்கள் ஊரில் தங்கி ஒரு நாளைக்கு இரண்டு கச்சேரிகளுக்கு வாசிக்கும் ஒருவர், அந்த நாட்களில் கிடைத்திருக்கக்கூடிய வருமானத்தை விட்டுவிட்டுத்தான் வருகிறார். நாகசுரமும் தவிலும் வாசிப்பவர்களின் நிலை இன்னும் கடினமானது; விழாவின் தொடக்கத்தில் மங்கல இசைக்கு அவர்களை அழைத்துவிட்டு, அவர்கள் பெயரை அழைப்பிதழில் போடாத விழாக்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, சன்மானத்தை முழுவதும் நிறுத்தும் யோசனையைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இப்போது கொடுத்துவரும் தொகை சிறியது என்று கூச்சப்பட வேண்டாம். அதை அழைக்கும்போதே சொல்லிவிட்டால் போதும். வர முடிந்தவர் வருவார், முடியாதவர் மனக்கசப்பின்றி மறுப்பார். கச்சேரி முடியும் வரை தொகையைச் சொல்லாமல் இருப்பதுதான் எங்களைப் புண்படுத்துகிறது. கூடுதலாக ஏதேனும் செய்ய முடிந்தால் பக்கவாத்தியக்காரர்களுக்கான தொகையைப் பாடகருக்கு இணையாக்குங்கள். எத்தனையோ சபாக்கள் செய்யத் தயங்கும் இதை ஒரு சிற்றூர் செய்தால், நல்ல வாத்தியக்காரர்கள் தேடிவந்து வாசிப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகழ்பெற்ற பாடகர் பெரும்பாலும் தமக்குப் பழக்கமான பக்கவாத்தியக்காரர்களுடனேயே வருவார். அந்த மாலையில் உங்கள் வட்டாரக் கலைஞர்கள் ஒருவருக்கும் மேடை கிடைக்காது. விழாவின் நிறைவுநாளே அப்படி அமைந்துவிட்டால், அதுவரை உழைத்த உள்ளூர்க் கலைஞர்களுக்கு அது எப்படி இருக்கும் என்பதை அன்பரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி 3: மெல்போர்னிலிருந்து ஒரு வாசகி

வேறொரு நாட்டின் முறையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன். நான் வசிக்கும் விக்டோரியா மாநிலத்தின் மேற்குக் கடற்கரையில், மெல்போர்னிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தொலைவில், போர்ட் ஃபேரி என்ற மீன்பிடி ஊர் இருக்கிறது. மக்கள்தொகை மூவாயிரம் சொச்சம். 1977இல் தொடங்கிய நாட்டார் இசைவிழா ஒன்று அங்கே ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில், தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் நடக்கிறது. அந்த நாட்களில் ஊரின் மக்கள்தொகை பல மடங்காகிவிடும்.

அந்த விழா உங்களுடையதற்கு நேர்மாறான கணக்கில் இயங்குகிறது. ரசிகர்கள் நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள். கலைஞர்களுக்கு ஊதியம் கொடுக்கப்படுகிறது. ஊதியம் வாங்காதவர்கள் தொண்டர்கள். வாயிலில் சீட்டுப் பார்ப்பது, வண்டிகளை நிறுத்த வழிகாட்டுவது, மேடைக்குப் பின்னால் உதவுவது, குப்பை அகற்றுவது என்று குறிப்பிட்ட மணி நேரம் வேலை செய்பவர்கள் அதற்கு ஈடாக விழாவைக் கட்டணமின்றிக் காண்கிறார்கள். என்னை மிகவும் கவர்ந்தது உணவுக்கடை ஏற்பாடு. ஊரிலுள்ள பள்ளிகளும் விளையாட்டுக் கழகங்களும் தொண்டு அமைப்புகளும் கடைகளை நடத்தி, தங்கள் செலவுகளுக்கான நிதியை அங்கே திரட்டிக்கொள்கின்றன. விழா நன்றாக நடந்தால் பிள்ளைகளின் பள்ளிக்கு நன்மை என்பதால், இசையில் ஆர்வமில்லாத குடும்பமும் விழாவுக்கு உழைக்கிறது. நுழைவுச்சீட்டு இல்லாதவர்களும் கேட்டு மகிழும்படி ஊருக்குள் பொது இடங்களில் இலவச நிகழ்ச்சிகளும் உண்டு.

நம் ஊர்களில் கோயில் மண்டபத்துக்குள் கட்டணம் வசூலிப்பது நடவாத காரியம். நடக்கவும் கூடாது என்பதே என் விருப்பம். ஆனால் உணவுக்கடை முறையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். மதிய பந்தி வழக்கம்போல அனைவருக்கும் பொதுவாக இருக்கட்டும். மாலைச் சிற்றுண்டியையும் காப்பியையும் மகளிர் சுய உதவிக் குழுவிடமோ அரசுப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமோ ஒப்படைத்து, வரும் மிச்சத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிப் பாருங்கள். கச்சேரிக்கு வராத தெருக்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். இளைஞர்களை ஈர்க்கப் பெரிய பெயர் தேவை என்ற வாதத்துக்கு இதுவும் ஒரு விடை என்று நினைக்கிறேன். விழாவில் தமக்கு ஒரு வேலை இருக்கும் பிள்ளை கச்சேரியையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: விழாக்குழுச் செயலர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சன்மானத்தை நிறுத்துவதில்லை என்பதிலும், அது எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு இப்போது தெளிவு பிறந்திருக்கிறது. பக்கவாத்தியக்காரர்களுக்கு இணையான தொகை என்ற யோசனையை முதல் தீர்மானமாகவே வைக்கப்போகிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. அன்பரின் நல்லெண்ணத்தை நாங்கள் இழக்க விரும்பவில்லை. அவருடைய உதவியை வேறு எந்த வகையில் பெறலாம்? அடுத்து, எங்கள் விழாவிலும் ஊரார் எல்லோரும் சேர்ந்து பாடும் நிகழ்ச்சி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் இங்கே பஞ்சரத்தினம் தெரிந்தவர்கள் ஓரிருவர்தான். பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு ஓதுவார் ஒருவர் தேவாரம் கற்பித்துவருகிறார்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

முதல் ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். அன்பர் வெளிநாட்டில் தொழில் நடத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் பணம் பெறுவதற்கு முன்பு அவருடைய குடியுரிமை எது என்பதைக் கேட்டுக்கொள்வது மிகவும் அவசியம். அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தாலோ, பணம் வெளிநாட்டில் பதிவான அவருடைய நிறுவனத்திலிருந்து வந்தாலோ, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே நிற்கும். அச்சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு அத்தகைய தொகையைப் பெறக் கூடாது. கடல்கடந்த இந்தியர் அட்டை வைத்திருப்பது இந்தியக் குடியுரிமை ஆகாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பெயர்ப்பலகை வைப்பதைப் பற்றிய விவாதத்துக்கு முன்னால் இது தீர வேண்டும்.

உங்கள் குழு பதிவு செய்யப்பட்டதா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இல்லையென்றால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவு செய்துவிடுங்கள். ஏழு பேர் இருந்தால் போதும். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசூலுக்குச் செல்லும் வணிகர்களின் நேர்மையை யாரும் சந்தேகிக்கப்போவதில்லை; ஆனால் ஊதியமின்றி உழைப்பவர் மீது ஒரு சிறு வதந்தி எழுந்தாலும் அவர் மறு ஆண்டு வரமாட்டார். விழா முடிந்ததும் வரவு செலவை அச்சிட்டுக் கோயில் வாசலில் ஒட்டிவிடுவது அவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. கணக்கில் உபயதாரர்கள் பெயரும் இடம்பெறும் என்பதால் அடுத்த ஆண்டு வசூலுக்கும் அதுவே உதவும்.

அன்பரிடம் ஒரு நாள் கச்சேரிக்கு மாறாக, விழாவுக்கு நிலையான வைப்புநிதி ஒன்றை ஏற்படுத்தித் தருமாறு கேட்கலாம். அதன் வட்டி ஆண்டுதோறும் பக்கவாத்தியக்காரர்களின் சன்மானத்துக்கு என்று எழுதிவைத்துவிட்டால், அவருடைய பெற்றோர் பெயரை அழைப்பிதழில் நிரந்தரமாகக் குறிப்பிடலாம். ஒலிபெருக்கியைச் சொந்தமாக வாங்கித் தருவதும் நல்ல உதவியே. ஆனால் அதைப் பாதுகாக்க ஓர் இடமும், இயக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். ஒலிபெருக்கி என்றதும் நினைவுக்கு வருகிறது: காவல் நிலைய அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இரவு பத்து மணிக்குமேல் திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. கடைசிக் கச்சேரி ஒன்பதரைக்குள் மங்களம் பாடும்படி நிரலை அமையுங்கள்.

மறுமொழி 5: தஞ்சை ரசிகர்

கூட்டுப் பாடலைப் பற்றி. பஞ்சரத்தினத்தை இவ்வாண்டே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தையும் முழுமையாகப் பாட ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். சரணங்களும் சுரங்களும் நீளமானவை. வராளியை ஆசிரியர் நேரடியாகக் கற்பிக்கக் கூடாது என்ற நம்பிக்கை பலரிடம் இருப்பதால், திருவையாற்றிலேயே மற்ற நான்கைவிட அதைப் பாடத் தெரிந்தவர்கள் குறைவு என்று சொல்வார்கள். பலர் வாயசைப்பதும் சிலர் பாடுவதுமாக அமைந்தால் நீங்கள் நினைக்கும் பயன் கிடைக்காது.

உங்கள் ஊரில் தேவாரம் கற்பிக்கும் ஓதுவார் இருக்கிறார். வேறென்ன வேண்டும்? திருவையாறே அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம்தான். தியாகராஜர் அங்கே வாழ்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தக் கரையில் பண்ணிசை ஒலித்திருக்கிறது. பிள்ளைகள் அறிந்த பதிகங்களில் இரண்டையும், தாளக்கட்டு உள்ள திருப்புகழ் ஒன்றையும் தேர்ந்தெடுத்து, தொடக்கநாள் காலையில் எல்லோரும் தரையில் அமர்ந்து பாடும்படி வையுங்கள். சாதி, தெரு, வயது, ஆண் பெண் என்ற எந்த வேறுபாடும் இல்லாமல், ஒத்திகைக்கு வருபவர் யாராக இருந்தாலும் பாடலாம் என்பதை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். வெளியிலிருந்து வரும் வித்வான்களும் அந்த வரிசையில் அமர்ந்து பாட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொள்வார்கள். அன்பர் சொல்லும் பாடகரும் அவ்வாறு வர இசைந்தால், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே தொகைக்கு, அதே நேர அளவுக்கு அவரையும் அழைத்துப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை.

ஒத்திகையை ஐப்பசியிலேயே தொடங்கிவிடுங்கள். மார்கழியில் ஓதுவாருக்குக் கோயில் வேலை அதிகமாகிவிடும், பிள்ளைகளுக்கும் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். பெண்களும் சிறுவர்களும் பாடும் சுருதி ஆண்களில் பலருக்கு எட்டாது என்பதால், எந்தச் சுருதியில் பாடுவது என்பதை முதல் ஒத்திகையிலேயே எல்லோரையும் பாடவைத்துப் பார்த்து முடிவு செய்து, விழா நாள் வரை அதை மாற்றாமல் பழகுங்கள்.